குதிரை வணிகனின் தமிழ்

ராஜபாளையத்தில் யார் இறந்தாலும் அதை ஊருக்குச் சொல்வது அபுபக்கரின் குரல்தான். ஆட்டோவின் கூரையில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியிலிருந்து அந்தக் குரல் பஞ்சு மார்க்கெட்டில் கிளம்பி ஒவ்வொரு தெருவாக நகரும். "அன்னார் இன்று காலை இயற்கை எய்தினார்" என்று அது சொல்லும்போது, செத்தவரோடு பேச்சுவார்த்தை அறுந்துபோன சொந்தக்காரர்கள்கூடக் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுப்பார்கள். சேலைக்கடைத் தள்ளுபடி, பல் மருத்துவரின் புதுக் கிளை, காணாமல் போன நாய், செட்டியார்பட்டி அம்மன் கோயில் பொங்கல், எல்லாவற்றுக்கும் அதே குரல். "பூக்குழி இறங்கும் பக்தகோடிப் பெருமக்கள்" என்று அது அழைத்தால் விரதம் இருக்காதவனுக்கும் உள்ளங்கால் சுடும்.

பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியறைதான் அவருடைய ஒலிப்பதிவுக் கூடம். மெத்தை தைத்துப் பிழைத்த அவருடைய அத்தா விட்டுப்போன பஞ்சு மெத்தைகளைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார். வெளிச்சத்தம் உள்ளே வராது. ஒரு மைக், ஒரு கணினி, ஒரு மேசைவிசிறி. பதிவு நடக்கும்போது விசிறியை அணைத்துவிடுவதால் ஒவ்வொரு மரண அறிவிப்பையும் வியர்த்துக்கொண்டேதான் வாசிப்பார்.

அம்மன் கோயிலுக்குக் குரல் கொடுப்பவர் யார் என்று எந்தக் கோயில் கமிட்டியும் கேட்டதில்லை. தண்ணீர் குடிக்கிறவன் எந்தக் கிணறு என்று கேட்கத் தொடங்கினால், அது தாகத்தால் கேட்கும் கேள்வி அல்ல. கேட்டது பள்ளிவாசலில் ஒரு பெரியவர்தான். சாமி காரியத்துக்கெல்லாம் குரல் கொடுப்பது மார்க்கத்துக்கு அடுக்குமா என்றார். தான் கூப்பிடுவது ஆட்களைத்தானே ஒழிய சாமியை அல்ல என்று அபுபக்கர் பதில் சொன்னார். பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. எந்த மதத்துப் பெரியவருக்கும் நேரான பதில் பிடிப்பதில்லை.

சின்ன வயதிலிருந்தே அபுபக்கருக்கு வானொலி நாடகம் என்றால் பித்து. அதிலும் ராஜா காலத்து நாடகம். வாள் உரசும், குதிரை கனைக்கும், இளவரசி விம்முவாள். எல்லாம் இருட்டில், காதுக்குள் நடக்கும். ஆனால் அந்த நாடகங்களில் எங்காவது ஒரு முஸ்லிம் வந்துவிட்டால் அவர் கை ஒலியைக் குறைக்கப் போகும். வருகிறவன் வாயைத் திறந்ததும் "நம்பள்கி, நிம்பள்கி" என்பான். தமிழ் அவன் நாக்கில் நொண்டும். அவன் ஒன்று படையெடுக்க வந்திருப்பான், அல்லது காட்டிக்கொடுக்க வந்திருப்பான், அதுவும் இல்லையென்றால் சிரிப்பு மூட்ட வந்திருப்பான். அபுபக்கரின் மனைவி ரஹ்மத்துன்னிசா கல்யாணமான புதிதில் அப்படி ஒரு நாடகத்தை அவரோடு உட்கார்ந்து கேட்டுவிட்டு, இந்த ஆள் எந்த ஊர்க்காரர், நம் சொந்தபந்தத்தில் யாரும் இப்படிப் பேசிக் கேட்டதில்லையே என்று உண்மையான சந்தேகத்தோடு விசாரித்தாள். அந்த வீட்டில் எந்தத் தலைமுறையிலும் தமிழைத் தவிர வேறு மொழி இருந்ததில்லை. உருதுவில் தண்ணீர் கேட்கக்கூட அங்கே ஆளில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அறக்கட்டளை சமுதாய வானொலி தொடங்கியது. ஒரு மணி நேரச் சரித்திர நாடகம் எழுதித் தரும்படி உள்ளூர்க்காரர்களைக் கேட்டது. அப்போது அபுபக்கருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. ஒரு சாவுக்கும் அடுத்த சாவுக்கும் இடையில் உட்கார்ந்து எழுதினார்.

பாண்டிய அரியணைக்கு அண்ணனும் தம்பியும் அடித்துக்கொண்ட காலம். வடக்கிலிருந்து படை வருகிறது. காயல் துறைமுகத்தில் மூன்று தலைமுறையாகக் குதிரை விற்கும் குடும்பத்தில் பிறந்தவன் காசிம். அவனிடம் குதிரைகள் இருப்பது படைத்தளபதிக்குத் தெரிந்துவிடுகிறது. நீயும் நானும் ஒரே திசை பார்த்துத் தொழுகிறவர்கள், குதிரைகளை என்னிடம் கொடு என்று ஆள் அனுப்புகிறான். காசிம் மறுத்து, ஒரே இரவில் குதிரைகளை மேற்குமலைக் காட்டுக்குள் ஓட்டிக்கொண்டு போய் ஒளித்துவைக்கிறான். துரத்தி வந்தவர்கள் அவனைக் கொல்கிறார்கள். கடைசிக் காட்சியில் பாண்டிய மன்னன் அவன் உடலருகே நின்று, "ஒரே தாய்ப்பால் குடித்த தம்பி என்னைக் கைவிட்டான். இவன் கைவிடவில்லை. இவனே என் மண்ணின் பிள்ளை" என்கிறான். அவ்வளவுதான் கதை. முழுக்க அபுபக்கரின் கற்பனை. ஆனால் அதில் காசிம் தடையில்லாமல், தெளிவாக, நம்மைப்போல் தமிழ் பேசினான். அதற்காகத்தான் அவர் நாடகமே எழுதினார். தன் ஆட்களில் ஒருவன் ராஜா காலத்து நாடகத்தில் ஒரே ஒருமுறையாவது வீட்டில் பேசுவதுபோல் பேச வேண்டும். அதை ஊர் கேட்க வேண்டும். அவருடைய ஆசையில் இதற்கு மேல் ஒரு கடுகளவும் இல்லை.

எழுதியதை ரஹ்மத்துன்னிசாவிடம் வாசித்துக் காட்டினார். அவள் பூண்டு உரித்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள். மனிதர்களைவிடக் குதிரைகள்தான் அதிகம் பேசுகின்றன என்றாள். ஆனால் மன்னனின் கடைசி வசனம் வந்தபோது அவள் கை நின்றுவிட்டது.

நாடகம் தேர்வானது. நிகழ்ச்சித் தயாரிப்பாளர் வினோத், படித்த பையன், பணிவானவன், பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பவன். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் இந்தக் கதை சுலபமாக முடிந்திருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேலே இருந்த நிலையத்தில் அபுபக்கரை உட்காரவைத்து, டீ வரவழைத்து, நாடகத்தை மனமாரப் பாராட்டினான். பிறகு காகிதங்களைப் புரட்டினான்.

"ஒரே ஒரு விஷயம் பாய். இந்தக் காசிம் எல்லாரும் பேசுற மாதிரியே பேசுறானே."

"பொறவு எப்படிப் பேசுவான்? மூணு தலைமுறையா காயல்ல கெடக்கான்."

"அது சரி பாய். கேக்குறவங்களுக்கு அவன் யாருன்னு தெரியணும்ல. மேடைன்னா ஒரு தாடிய ஒட்டிரலாம். ரேடியோவுல தாடி தெரியாது. அப்ப தாடியப் பேச்சுலதான் ஒட்டணும்."

இதை அவன் கேலியாகச் சொல்லவில்லை. தொழில் நுட்பமாகச் சொன்னான். எழுநூறு வருடத்துக்கு முன்னால் பாண்டிய மன்னன் பொண்டாட்டியிடம் எந்தத் தமிழில் சண்டை போட்டான் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. அவன் என்ன சாப்பிட்டான், எப்படிச் சிரித்தான், எதுவும் தெரியாது. ஆனால் அவன் ஊர்த் துலுக்கன் எப்படிப் பேசியிருப்பான் என்பது மட்டும் எல்லோருக்கும் சந்தேகமில்லாமல் தெரிந்திருக்கிறது.

அபுபக்கர் வாதாடிப் பார்த்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே அறக்கட்டளைத் தலைவர் உள்ளே வந்தார். ராஜபாளையத்துக்காரர், பஞ்சாலை வைத்திருப்பவர். கைபேசியில் தன் மகளிடம் தெலுங்கில் செல்லம் கொஞ்சி முடித்துவிட்டு இவர்கள் பக்கம் திரும்பி, கேட்கிறவர்களுக்குக் குழப்பம் வரக்கூடாது, தமிழ் வேறு, பாய் தமிழ் வேறு என்று தீர்ப்புச் சொன்னார். வீட்டில் தெலுங்கு பேசுவது குற்றமா என்ன? அவரும் அந்த மண்ணில்தான் பிறந்தார், அந்த மண்ணில்தான் வேகப்போகிறார். அவரை நாடகத்தில் போட்டால் யாரும் நாக்கை மடக்கச் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. தமிழைத் தவிர வேறு போக்கிடம் இல்லாதவர்தான் தமிழை உடைத்துப் பேசியாக வேண்டும் என்பதில்தான் வேடிக்கை.

கடைசியில் அபுபக்கர் ஒரு சமாதானத்துக்கு வந்தார். அங்கங்கே ஓர் "அரே", இரண்டு "அச்சா" சேர்த்துக்கொள்ளலாம். நாடகம் ஒலிபரப்பாகாமலே போவதைவிட இது மேல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ரஹ்மத்துன்னிசாவிடமும் சொன்னார்.

"நீங்க என்னைக்கு எங்கிட்ட அச்சான்னு சொல்லிச் சோறு கேட்டிய?" என்றாள் அவள்.

அவர் பேனாவை எடுத்து முதல் "அரே"யைச் சேர்த்தார்.

ஒத்திகையில் காசிமாக அபுபக்கரையே நடிக்கச் சொன்னார்கள். அவர் வாயைத் திறந்ததும் வினோத் கையைத் தூக்கினான். இன்னும் கொஞ்சம் கோணலாக வேண்டும் என்றான். அபுபக்கர் மறுபடி முயன்றார். "அரே" என்றதைத் தவிர எதுவும் கோணவில்லை. ளகரமும் ழகரமும் தட்டில் வைத்ததுபோல் விழுந்தன. வினோத் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தான். அப்படியும் வரவில்லை.

"இயல்பாப் பேசுங்க பாய். ரொம்ப யோசிக்காதீங்க."

"இதுதான் தம்பி என் இயல்பு."

"இல்ல பாய், உங்க ஆளுக இயல்பு."

அந்த அறையில் இருந்த ஒரே முஸ்லிம் அபுபக்கர். முஸ்லிம் எப்படிப் பேசுவான் என்று அவருக்குப் பாடம் நடந்தது. அவர் அதில் தோற்றார்.

மறுவாரம் காசிம் வேடத்துக்கு முத்துப்பாண்டியைக் கூட்டிவந்தார்கள். கோயில் கொடைகளிலும் பள்ளி ஆண்டு விழாக்களிலும் பலகுரல் செய்து பிழைப்பவன்; அபுபக்கரின் மாடியறையில் பதிவு பண்ணப் பலமுறை வந்தவன்; அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவான். மைக் முன்னால் நின்றதும் "நம்பள்கி குதிரே நிம்பள்கி ராஜாவுக்குக் குடுக்குறான்" என்று ஒரே மூச்சில் இறக்கினான். அறையே சிரித்தது. வெளியே வந்ததும் அவன் அபுபக்கரின் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏலே, எங்க வீட்டுக்கு எம்புட்டுத் தடவ வந்திருக்க. யாராச்சும் இப்படிப் பேசிக் கேட்டிருக்கியாலே?"

"இல்லண்ணே. ஆனா மைக்கப் பாத்ததும் அதுதான் வருது. கைதட்டு அங்கதான் கெடக்கு."

உண்மையைச் சொன்னான். அந்த ஊரில் அன்றைக்கு உண்மையைச் சொன்னவன் அவன் ஒருவன்தான்.

அபுபக்கருக்கு மன்னன் வேடம் தந்தார்கள். அந்தத் தமிழுக்கு அரியணைதான் பொருத்தம் என்று வினோத் சொன்னான். அபுபக்கர் ஒப்புக்கொண்டார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் பெரிய நட்டமில்லை என்று அவருக்குப் பட்டது. காசிமின் பேச்சு கோணலானால் என்ன, ஆள் நேராகத்தானே நிற்கிறான்? குதிரைகளைக் காப்பாற்றுகிறான், சாகிறான், மன்னன் அவனைத் தன் மண்ணின் பிள்ளை என்கிறான். அந்த வசனத்தைத் தன் வாயாலேயே சொல்லலாம். இவ்வளவு இருந்தால் போதாதா?

போதாது. ஒருவன் பேச்சை நொண்டியாக்க அனுமதித்த பிறகு, அவன் மட்டும் நிமிர்ந்து நடப்பான் என்று நினைப்பது ஏமாளித்தனம். "நம்பள்கி நிம்பள்கி" என்று சொல்லிக்கொண்டு மேடையேறுகிறவனுக்குக் கேட்கிறவர்கள் மனதில் ஏற்கெனவே ஒரு முடிவு எழுதப்பட்டிருக்கிறது. அவன் சிரிக்கவைத்துவிட்டுப் போகலாம், அல்லது காட்டிக்கொடுத்துவிட்டுப் போகலாம். மூன்றாவது வழி கிடையாது. இதை அபுபக்கர் யோசிக்காமல் விட்டார். வினோத் யோசித்திருந்தான்.

பதிவு நாளன்று காலையில் புதிதாக அச்செடுத்த தாள்களைக் கொடுத்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த வினோத், ஒலியின் மட்டம் பார்க்க வேண்டும், கடைசி வசனத்தை முழுக் குரலில் ஒருமுறை வாசியுங்கள் என்றான். குரல் விற்றுப் பிழைப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மைக்கின் மட்டம் பார்க்கும்போது கையில் இருப்பது என்னவென்று மூளைக்குப் போகாது. கண்ணிலிருந்து நேராக வாய்க்கு வந்துவிடும். இறந்தவர் பெயரோ, சேலையின் நிறமோ, அம்மன் பெயரோ, வாய்க்கு எல்லாம் ஒன்று. முதல் தடவை வாசிப்பது கருவிக்கு, இரண்டாம் தடவைதான் கேட்கிறவர்களுக்கு. அபுபக்கர் தன் அறையில் முதல் தடவை வாசித்ததை அப்போதே அழித்துவிடுவார். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்று நம்பினார்.

நிமிர்ந்து நின்று, நெஞ்சிலிருந்து, முழுக் குரலில் வாசித்தார்:

"மொழி வேறானவன் மனமும் வேறானவனே. இவன் எந்நாளும் நம்மவன் ஆகான்."

சொல்லி முடித்த பிறகுதான் அது காதில் விழுந்தது. தாளை மறுபடி பார்த்தார். முந்தைய பக்கத்தைத் திருப்பினார். காசிம் இப்போது குதிரைகளை மலைக்கு ஓட்டவில்லை. வடக்கத்திப் படைக்கு ஓட்டிக்கொண்டு போகிறான். பாண்டியன் அவனைப் பிடித்து, தலையை வாங்கும் முன் இப்படிச் சொல்கிறான்.

அபுபக்கர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார்.

"இது நான் எழுதினது இல்ல."

வினோத் உள்ளே வந்தான். தலைவர்தான் மாற்றச் சொன்னார் என்றான். அப்படிப் பேசுகிற ஒருவன் மன்னனுக்காக உயிரை விடுகிறான் என்றால் கேட்கிறவர்கள் நம்ப மாட்டார்கள் என்றான். நாடகத்துக்கு ஒரு முடிச்சு வேண்டும், ஒரு வீழ்ச்சி வேண்டும் என்றான்.

"இத நான் சொல்ல மாட்டேன் தம்பி. வேற ஆள வச்சுச் சொல்லிக்கோங்க. எம் பேரையும் எடுத்துருங்க."

குரல் உயரவில்லை. ஆனால் வினோத் பயந்துவிட்டான். கொஞ்ச நேரம் வெளியே போய்க் கைபேசியில் பேசினான். திரும்பி வந்து, பரவாயில்லை பாய், நீங்கள் எழுதியதையே எடுத்துக்கொள்வோம் என்றான். அபுபக்கர் தன் பையிலிருந்து பழைய தாளை எடுத்தார். "இவனே என் மண்ணின் பிள்ளை" என்று முடிக்கும்போது அவர் குரல் லேசாகத் தழுதழுத்தது. மன்னனுக்கு அது பொருத்தமாகவே இருந்தது. வினோத் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கட்டைவிரலைக் காட்டினான். முத்துப்பாண்டியின் பகுதியைச் சாயங்காலம் பதிவு செய்வதாகச் சொன்னான். அபுபக்கர் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நாடகம் ஒலிபரப்பானது. பக்கத்து வீட்டு வேலுத்தாயும் கேட்க வந்திருந்தாள். ரஹ்மத்துன்னிசா அன்றைக்கு அடுப்பைச் சீக்கிரமே அணைத்துவிட்டாள். "எழுதியவர் ராஜபாளையம் அபுபக்கர்" என்ற அறிவிப்பு வந்ததும் வேலுத்தாய் கன்னத்தில் கைவைத்து, நம்ம வீட்டு அண்ணன் பெயரை ரேடியோ சொல்கிறதே என்று பூரித்துப்போனாள். குளம்படிச் சத்தம் வந்தது. மன்னன் பேசினான். இதுதான் நம்ம பாய் குரலா என்று அவள் வாயைப் பிளந்தாள். தினமும் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற குரல்தான். ஆனாலும் அவளால் நம்ப முடியவில்லை. காசிம் வந்து "நம்பள்கி" என்றபோது அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அபுபக்கரும் சிரிக்க முயன்றார். முடிவு தனக்குத் தெரியும் என்ற தைரியம் அவருக்கு.

பிறகு காசிம் குதிரைகளை வடக்கே ஓட்டினான்.

அபுபக்கர் எழுந்துவிட்டார். பெட்டிக்குள் வாள் உருவும் சத்தம். ஒரு நொடி மௌனம். அதன் பிறகு அவருடைய குரல், நெஞ்சிலிருந்து வரும் முழுக் குரல், துளி நடுக்கம் இல்லாமல், "மொழி வேறானவன் மனமும் வேறானவனே" என்றது.

"பாத்தியா அந்தத் துலுக்கப் பய செஞ்ச வேலைய" என்று வேலுத்தாய் ஆத்திரத்தோடு சொன்னாள். சொன்னதும் ரஹ்மத்துன்னிசாவைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஏத்தா, உங்களையா சொன்னேன்? உங்களச் சொல்லுவனா நான்?"

"எங்களச் சொல்லலம்மா" என்றாள் ரஹ்மத்துன்னிசா. "நீ போயி உலையப் பாரு."

அவள் போன பிறகு ரஹ்மத்துன்னிசா புருஷனிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் வினோத்தின் முன்னால் போய் நின்றார். அவன் எழுந்து நின்று நாற்காலி போட்டான். மாற்றியது தலைவரின் முடிவு, தன் கையில் இல்லை என்றான். நான் சொல்லாததை என் குரலில் எப்படி ஒலிபரப்பினீர்கள் என்று அபுபக்கர் கேட்டார். அவன் நிஜமாகவே புரியாமல் அவரைப் பார்த்தான்.

"நீங்க சொன்னதுதானே பாய். மட்டம் பாக்கும்போது சொன்னீங்கள்ல. ஒரு எழுத்துகூட நாங்க சேக்கல."

அது சரிதான். அந்த நாடகத்தில் அவர் வாயிலிருந்து வராத ஒரு சொல்லும் மன்னனுக்கு இல்லை.

இதோடு முடிந்திருந்தால், ஒரு மனிதனை ஏமாற்றினார்கள் என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். முடியவில்லை. அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் வெட்டி எடுத்து யாரோ வாட்ஸாப்பில் சுற்றவிட்டார்கள். அதன் தலைப்பில் அபுபக்கரின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. அவர்கள் ஆளே எழுதியிருக்கிறார், அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள், இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும் என்று கீழே எழுதியிருந்தார்கள். ஒருவர் கற்பனையாக எழுதி, இன்னொருவர் திரித்து, மூன்றாமவர் வெட்டியது நான்காவது ஆளிடம் போய்ச் சேரும்போது சரித்திரமாகிவிட்டது. கல்வெட்டு செதுக்க அந்தக் காலத்தில் உளியும் மாதக்கணக்கான உழைப்பும் வேண்டியிருந்தது. இப்போது ஒரு பெருவிரல் போதும்.

பள்ளிவாசல் பெரியவர் ஜமாஅத்தைக் கூட்டி, சமுதாயத்தையே காட்டிக்கொடுத்துவிட்டான் என்று அபுபக்கரை நிறுத்திவைத்துக் கேட்டார். மாற்றிவிட்டார்கள் என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. குரல் உன்னுடையதுதானே என்று கேட்டார்கள். அங்கே ஒரு கூட்டம் அவரைச் சாட்சியாக்கியது; இங்கே ஒரு கூட்டம் துரோகியாக்கியது. இரண்டு கூட்டத்துக்கும் நாடகத்தை முழுசாகக் கேட்கப் பொறுமையில்லை. சந்தோஷப்பட்டவர்களும் உண்டு. ஆட்டோ ஓட்டும் பால்ச்சாமி, புதிதாகத் திறக்கும் நகைக்கடைக்கு அதே ராஜா குரலில் ஒரு விளம்பரம் கேட்கிறார்கள் என்று வந்து நின்றான். ராஜா செத்துவிட்டான் என்று சொல்லி அபுபக்கர் அவனைத் திருப்பி அனுப்பினார். மரண அறிவிப்புகளை மட்டும் தொடர்ந்து வாசித்தார். செத்தவர்கள் அவரை எதுவும் சொல்லவில்லை.

அபுபக்கர் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடையாக நடந்தார். தன் பெயரையும் குரலையும் எடுத்துவிடும்படி கேட்டார், கெஞ்சினார், ஒருநாள் மேசையைத் தட்டினார். நேயர் விருப்பத்துக்காக நாடகத்தை மறுஒலிபரப்புச் செய்தபோது அவருக்குப் பாதி நியாயம் கிடைத்தது. பெயரை எடுத்துவிட்டார்கள். குரலை எடுக்க முடியாது, மன்னனுக்கு வேறு குரல் பொருந்தாது என்று வினோத் மிகுந்த மரியாதையோடு சொன்னான்.

அதன் பிறகு நடந்தது இது. அன்றைக்கு ஒரு கடைசி முயற்சியாக அறக்கட்டளைத் தலைவரைப் பார்க்கப் போய், அவர் வெளியூர் போயிருக்கிறார் என்று கேட்டுத் திரும்பிய அபுபக்கர், ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு விவசாயி, வேட்டியை மடித்துக் கட்டியவர், கைபேசியைக் காதருகே வைத்து அந்தக் காட்சியைக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்துவிட்டு யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்திருக்கும். அபுபக்கரின் தொப்பியைப் பார்த்துச் சற்றுத் தயங்கினார். மோசமான ஆள் இல்லை. தன் ஊர் மகாராஜபுரம் என்றார், தென்னை வைத்திருப்பதாகச் சொன்னார். அபுபக்கருக்கும் சேர்த்து வடை வாங்கினார். பிறகு மெல்ல ஆரம்பித்தார்.

"தப்பா நெனைக்காதீங்க பாய். அந்தக் காலத்துல உங்க ஆளுக செஞ்சது தப்புத்தான?"

"என்ன செஞ்சாவ?"

"குதிரையக் கொண்டுபோய் எதிரிக்குக் குடுத்தாவல்ல. பாண்டிய ராஜாவே சொல்லியிருக்காரு."

"ராஜா எங்க சொன்னாரு? எந்தக் கல்வெட்டுல?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது பாய். ரேடியோவுலயே வந்துச்சு. ராஜா பேசுறதக் கேட்டா ரோமம் நிக்கிது. இந்தா கேளுங்க."

அவர் கைபேசியை நீட்டினார். அபுபக்கர் கேட்கவில்லை. நாலு மாதமாக எத்தனையோ பேரிடம் சொல்லி அலுத்துப்போன குரலில், கரகரப்பாக, மெதுவாகச் சொன்னார்:

"அதப் பேசுனது நாந்தான்யா. எழுதுனதும் நாந்தான். நான் எழுதுனதுல அவன் குதிரையக் குடுக்கல."

விவசாயி அவரை மேலும் கீழும் பார்த்தார். தொப்பியை, தாடியை, தோளில் தொங்கிய துணிப்பையை. பிறகு சிரித்தார். கேலி இல்லாத, தோழமையான சிரிப்பு.

"சும்மா இருங்க பாய். அது என்னா தமிழு. உங்களுக்கு அது வாயில நுழையுமா?"

அபுபக்கர் வாயைத் திறந்தார். ஆனால் அங்கே, பஸ் ஹாரன்களுக்கும் எண்ணெய்ச் சட்டிக்கும் நடுவில், எழுந்து நின்று நெஞ்சிலிருந்து அதைச் சொல்லிக் காட்ட வேண்டும் என்றால், சொல்ல வேண்டியது அந்த வசனமாகத்தான் இருக்கும். வேறு எதைச் சொன்னாலும் அந்த ஆளுக்கு அடையாளம் தெரியப்போவதில்லை. அவர் வாயை மூடிக்கொண்டார்.

அவர் பேசாமல் இருப்பதைப் பார்த்த விவசாயிக்கு, ராஜா சொன்னது இவருக்கு விளங்கவில்லையோ என்று பட்டது. கைபேசியை அணைத்துப் பையில் போட்டார். பெஞ்சில் சற்று நெருங்கி உட்கார்ந்து, பாய்க்குப் புரிய வேண்டுமே என்ற அக்கறையோடு, அந்த வசனத்தை ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திச் சொல்லத் தொடங்கினார்.